அத்தான் ஏறாத ஏணி

எங்கள் அத்தானைப் பற்றிக் கல்லூரியில் ஒரு பாடம் இருக்கிறது. வணிக நிர்வாகம் படிக்கிற பிள்ளைகளுக்கு, "தொழிலில் நற்பண்பு" என்ற தலைப்பில், அவர் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். படிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் அது கைதட்டலோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை. எழுதினவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களில் அத்தான் பேச மாட்டார், அவர் மகள் பேச மாட்டாள். வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அலுமினிய ஏணி செய்கிற பட்டறை அவருடையது. வாலிபத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிற வேலை பார்த்தவர். யாரோ செய்த ஏணியிலிருந்து விழுந்து இடது முழங்கை உடைந்து, அதன்பின் அந்தக் கை முழுசாக நீளவே இல்லை. படுத்த படுக்கையில் அவர் நினைத்ததெல்லாம் ஒன்றுதானாம்: இதைச் செய்தவன் விற்பதற்கு முன் ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கக் கூடாதா? எழுந்து நடந்ததும் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தானே ஏணி செய்ய ஆரம்பித்துவிட்டார். கோபத்தில் தொழில் தொடங்கின ஆளை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

பட்டறையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு ஏணியிலும் அவர் ஏறிப் பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். ஒவ்வொரு படியிலும் நின்று, உடம்பின் பாரத்தை இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் மாற்றி மாற்றிப் போடுவார். உச்சிக்குப் போய் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டுவார். பட்டறை ஆட்கள் அதற்கு "முதலாளி டான்ஸ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் சிரிப்பார். படியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கிற ரிவெட் ஆணி சரியாக உட்காரவில்லை என்றால் அந்த ஆட்டத்தில் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் ஏணியைப் பிரிக்கச் சொல்லிவிடுவார். என் அக்கா அவரைக் கேலி செய்வாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட இவ்வளவு சோதிச்சுப் பாக்கல இந்த மனுஷன்."

அக்கா சீக்கிரம் போய்விட்டாள். மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்கும் ஆள் வேண்டியிருந்தது, பட்டறையில் போன் எடுக்கவும் பில் போடவும் ஆள் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நான் போய்ச் சேர்ந்தேன். மகளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். வளர்ந்து ஆளான பிறகும் அதே பெயர்தான். அப்பாவும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே பேசி முடித்துவிடுவார்கள். அம்மா இல்லாத வீட்டில் அந்த ஒட்டுதலைப் பல நாள் நான் நின்று பார்த்திருக்கிறேன்.

பாப்பா வணிக நிர்வாகம் படிக்கப் போனாள். அங்கே ஒரு பேராசிரியை நற்பண்பு வகுப்பு எடுத்தார். உங்களுக்குத் தெரிந்த நல்ல தொழிலதிபர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று அவர் சொல்ல, மற்ற பிள்ளைகள் பெரிய பெரிய பணக்காரர்களைப் பற்றிப் பேசினார்கள். இவள் அப்பா ஏணி ஏறுவதைச் சொன்னாள். பேராசிரியை பட்டறைக்கே வந்துவிட்டார். அத்தான் ஏறுவதை நின்று பார்த்தார், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நல்ல பெண்மணிதான், குறை சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அத்தானை வகுப்புக்குப் பேச அழைத்தார்கள். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார். "வித்தா போதும்னு நினைக்காதீங்க. நீங்க செஞ்சதுல நீங்களே ஏறிப் பாருங்க." அவர் பேசியது எல்லா வருஷமும் இவ்வளவுதான். பிள்ளைகள் கை தட்டுவார்கள். வீட்டுக்கு வந்து, "என்னத்தப் பேசினேன்னு தட்டுறாங்களோ" என்று கூச்சப்படுவார். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருப்பார்.

அந்த வகுப்பில் பேராசிரியை ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். நேர்மையாக இருந்தால் வாடிக்கையாளர் தானே தேடி வருவார், நற்பண்பும் ஒரு மூலதனம் என்பார். பாப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். படிப்பு முடிந்து பட்டறைக்கு வந்ததும் ஒரு ஸ்டிக்கர் அடித்தாள். அத்தான் ஏணியில் நிற்கிற படம், கீழே "நான் ஏறிப் பார்த்தேன்" என்று அவர் கையெழுத்து. ஒவ்வொரு ஏணியிலும் அதை ஒட்டினாள். பொய் ஒன்றும் இல்லையே, உண்மையைத்தானே ஒட்டினாள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. தகரக் கொட்டகை போய்ப் பெரிய கூடம் வந்தது.

வேலை பெருகப் பெருக அத்தான் ஏறுவதும் பெருகியது. அந்த வயதில் முழங்கால் எவ்வளவுதான் தாங்கும்? வலியை வெளியே சொல்ல மாட்டார். ஒருநாள் காலையில் நான் கூடத்துக்குள் போனபோது ஒரு ஏணியின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மேலே போகவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். நானும் ரிவெட் அடிக்கிற பையனுமாகச் சேர்ந்து இறக்கினோம்.

டாக்டர் இனிமேல் ஏறவே கூடாது என்றுவிட்டார். பாப்பா பாரம் சோதிக்கிற மிஷின் ஒன்று வாங்கினாள். அது படியின் நடுவில் ஒரு இரும்புக் கட்டையை வைத்து அழுத்தும். மனிதர்களைவிட அதிக பாரம் போடும். அந்த மிஷின்மேல் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எல்லாரும் வைத்திருக்கிற மிஷின்தான். நான் கேட்டது ஸ்டிக்கரைப் பற்றி.

"அதை இனிமே ஒட்டக் கூடாதில்ல பாப்பா?" என்றேன்.

"மிஷின் அப்பாவைவிட நல்லாவே பாக்குது சித்தி. யாரையும் நாம ஏமாத்தல."

"அப்ப மிஷின் ஏறிப் பாத்துச்சுன்னு போடு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு போய், "ஜனங்க ஏணியை வாங்கல சித்தி, அப்பாவை நம்பி வாங்கறாங்க. திடீர்னு ஸ்டிக்கர் இல்லேன்னா என்ன நினைப்பாங்க? பெரிய ஆர்டர் ஒண்ணு கையில இருக்கு" என்றாள். அப்பாவைப் பார்த்தாள். அத்தான் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "இந்த ஆர்டர் மட்டும் ஸ்டிக்கரோட போகட்டும்" என்றார். அடுத்த ஆர்டருக்கும் அதையேதான் சொன்னார். பெண் முகம் வாடினால் பொறுக்காத மனிதர். அந்த ஒரு பலவீனத்தைத் தவிர அவரிடம் வேறு பலவீனத்தை நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பெயின்டர் விழுந்தார்.

வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற ஆள். மாடிச் சுவருக்கு வெளிப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தபோது ஏணி முறுக்கிக்கொண்டு சரிந்துவிட்டது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று செய்தி வந்தது. ஏணி எங்களுடையது. அத்தான் முதலில் அந்த வீட்டுக்குப் போய், சுவரோரம் கிடந்த ஏணியைப் பார்த்தார். நானும் கூட இருந்தேன். ஒரு படியின் முனையில் ரிவெட் போட்ட ஓட்டை இழுபட்டு நீண்டிருந்தது. ஆரம்பத்திலேயே சரியாக உட்காராத ஆணி. மிஷின் நடுவில் அழுத்தியபோது அது தாங்கிவிட்டது. காலை மாற்றி மாற்றி வைத்து ஏறுகிறவனுக்கு அசைந்துகொடுத்து, நாளடைவில் கழன்றுவிட்டது. அத்தான் அந்த ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நான் ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவர் சொல்லப்போவதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கேட்டது. படுக்கைப் பக்கத்தில் பாப்பா முன்பே வந்து நின்றிருந்தாள். பெயின்டர் மனைவி எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். பெயின்டர் தலையை மட்டும் திருப்பினார். அவருக்கு ஸ்டிக்கர் படத்தில் பார்த்த முகம், உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஐயா, நீங்களா வந்தீங்க?" என்றார். "உங்க ஏணியில ஒரு தப்பும் இருக்காது. நீங்கதான் ஏறிப் பாத்திருக்கீங்களே. நான்தான் எங்கேயோ தப்பா சாய்ச்சு வெச்சிருக்கேன். எவ்வளவு யோசிச்சும் எங்க தப்பு பண்ணேன்னு ஞாபகம் வரமாட்டேங்குது."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வேலையில எப்பவும் அவசரம்தான் இவருக்கு. எவ்வளவோ சொல்லியிருக்கேன்" என்றாள்.

அத்தான் வாயைத் திறந்தார். பாப்பா அவர் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான் செய்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவைப் பாப்பா ஏற்றுக்கொண்டாள். இவர் தப்புக்கு நீங்கள் செலவு செய்கிறீர்களே என்று அந்தப் பெண் மறுபடி கும்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கொடுமையை என் பகையாளிக்குக்கூட நான் கேட்க மாட்டேன்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "என்னடி இது? படுத்திருக்கறவன் தன்னையே திட்டிட்டுக் கிடக்கான்."

"உண்மையச் சொன்னா அவர் கால் திரும்பி வருமா சித்தி?" என்றாள் பாப்பா. "பட்டறையை மூடினா எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும்? அப்பாவை மோசடிக்காரர்னு பேசுவாங்க. அதை என்னால பாக்க முடியாது."

அவள் கெட்டவள் இல்லை. மறுநாளே ஸ்டிக்கர் எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள். நேர்மையாக இருந்தால் நல்லது நடக்கும் என்றுதான் அவளுக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். நேர்மையாக இருந்தால் எல்லாமே கையைவிட்டுப் போகும் என்கிற நிலைமை வந்தால் என்ன செய்வது என்று யாரும் நடத்தவில்லை.

அதன்பின் அத்தான் அத்தானாக இல்லை. கூடத்துக்கு வருவார், ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்வார். முதலாளி டான்ஸ் என்று யாரும் சொல்லவில்லை. பெயின்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தும் போகவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்லூரியிலிருந்து வழக்கமான அழைப்பு வந்தது. இந்த வருஷம் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். போகிறேன் என்றார். எல்லாவற்றையும் அங்கே சொல்லிவிடப் போகிறேன் என்று எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். பாப்பா அழுதாள். எல்லாம் போய்விடும் அப்பா என்றாள். "போகட்டும்மா. எனக்கு மூச்சு முட்டுது" என்றார். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கேட்டேன்: "சொல்றதுதான் சொல்றீங்க, முதல்ல பெயின்டர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்களேன் அத்தான். காலேஜ் எங்க ஓடிடப்போகுது?"

"அங்க போனா எனக்கு நாக்கு எழும்பாதும்மா. ஒரு தடவை போய் ஊமையா நின்னுட்டு வந்தவன் நான். முன்னப்பின்ன தெரியாத பிள்ளைங்க முன்னாடி ஒரு தடவை சொல்லிட்டேன்னா அங்கயும் சொல்ல வந்துடும்."

கல்லூரிக் கூடம் நிறைந்திருந்தது. பாப்பாவும் கடைசியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள், முகம் வெளுத்திருந்தது. அத்தான் எழுதிவைத்துப் படிக்கவில்லை. ஏறாத ஏணியில் ஏறினேன் என்று ஒட்டினோம். அதை நம்பி ஒருவர் ஏறி விழுந்தார். அவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதைத்தான் சொன்னார், நாலைந்து தடவை நிறுத்தி நிறுத்தி. "என்னை இனிமே இங்க கூப்பிடாதீங்க" என்று சொல்லி முடித்தார்.

பிறகு யாரோ ஒரு பிள்ளை எழுந்து தட்டினான். எல்லாரும் எழுந்து தட்டினார்கள். பேராசிரியை மேடைக்கு வந்து அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, இதைவிடப் பெரிய பாடத்தை என்னால் நடத்த முடியாது என்று அழுதார். ஒரு மாணவன் மட்டும் கையைத் தூக்கி, "சார், இதை வெளிப்படையா சொன்னதால உங்க பிராண்டுக்கு லாபமா நஷ்டமா?" என்று கேட்டான். "தெரியலப்பா" என்றார் அத்தான்.

கூடத்துக்கு வெளியே பாப்பா அவரைக் கட்டிக்கொண்டாள். நினைத்த மாதிரி எதுவும் இடிந்து விழவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் அவள் முகத்தில் பழைய களை வந்திருந்தது. அன்றைக்கு அத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் மனிதர் பிழைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

பெயின்டர் வீட்டுக்கு மறுநாள் போவதாக இருந்தோம். காலையில் கல்லூரியிலிருந்து படம் எடுக்க வந்துவிட்டார்கள். அவர் பேசியதைப் பாடமாகப் போடப்போகிறார்களாம். அதற்கடுத்த நாள் பேராசிரியையும் இன்னும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து, விழுந்த கதையை முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதற்கடுத்த நாள் வேறொரு கல்லூரி. போகணும், போகணும் என்று சொல்லிக்கொண்டே அத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். நிஜமாகவே அவருக்குச் சொல்ல வந்துவிட்டது. சொல்லச் சொல்ல எளிதாகவும் ஆகிவிட்டது.

அடுத்த வாரம்தான் மூன்று பேரும் கிளம்பிப் போனோம். ஒடுக்கமான மாடிப்படி, சுவரெல்லாம் வெவ்வேறு பெயின்ட் தீற்றல். வேலைக்குப் போகும் முன் பெயின்டர் நிறம் கலந்து பார்த்த சுவராம். அறைக்குள் ஒரு இரும்புக் கட்டில். அதில் மெத்தை இல்லை. மெத்தை ஜன்னலில் வெயிலுக்குக் கிடந்தது.

அத்தான் கட்டிலைப் பார்த்தார். பெயின்டர் மனைவியைப் பார்த்தார்.

"படுக்கைப்புண்ணுல விஷம் ஏறிடுச்சுங்க. போய் மூணு நாளாச்சு" என்றாள். "உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னு நினைச்சேன், ஆள் இல்ல. உட்காருங்க ஐயா."

நாங்கள் உட்கார்ந்தோம்.

"கடைசி வரைக்கும் உங்க பேச்சுதான்" என்றாள் அவள். "என்னால அந்த ஐயா ஏணிக்குக் கெட்ட பேர் வந்திருக்குமே, அவர் வந்தா மன்னிப்புக் கேக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு. படியில யாராவது ஏறி வந்தா, அவரா பாருன்னு கேப்பாரு."

அத்தான் சொன்னார். கல்லூரியில் சொன்ன அதே சொற்கள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் எங்கிருந்தோ பிடுங்கி எடுத்துப் போடுகிற மாதிரி சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே தெரியும்மா."

பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவை விட்டுக்கொடுக்க முடியாமல், "அப்பா மறைக்கலைங்க. போன வாரமே காலேஜ்ல அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டாங்க" என்றாள்.

"போன வாரமா?" என்றாள் அந்த அம்மா. "போன வாரம் அவருக்கு நல்லா நினைவு இருந்துச்சே." பாப்பா பக்கம் திரும்பி, "அவங்களுக்கு எதுக்கும்மா சொன்னாரு?" என்றாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அந்த அம்மா உள்ளே திரும்பித் தன் மகளைக் கூப்பிட்டாள். பள்ளிக் கடைசி வகுப்பில் இருக்கிற வயது. வந்து கதவோரம் நின்றாள்.

"அப்பா மேல தப்பு இல்லையாம். ஏணியிலதான் தப்பாம்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நான் அவர்கிட்ட சரியாவே பேசலியே" என்றாள். "உன் கவனக்குறைவாலதான் நம்ம குடும்பமே இப்படி ஆச்சுன்னு சொன்னேனே. ஆமாம்மான்னு கேட்டுக்கிட்டாரே." பிறகு அத்தான் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "எங்கப்பா சரியாத்தான் சாய்ச்சு வெச்சிருந்தாரா?"

"சரியாத்தான்மா வெச்சிருந்தாரு."

"நிஜமாவா?"

"நிஜமா. ஒரு தப்பும் பண்ணல."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அத்தான் சொன்னார். அவள் மறுபடி கேட்டாள். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தார், குரல் கம்மிப்போய் உதடு மட்டும் அசைகிற வரைக்கும். பாப்பா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை.